சேர்ப்பதினும் காப்பது அரிது

சில ஆண்டுகளுக்கு முன் இல்லச் சந்திப்பின்போது, ஓவிய ஆசிரியராய்ப் பணியாற்றி இறைவனடி சேர்ந்த ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். பிள்ளைகள் அவருடைய தகரப் பெட்டியை நம் முன் திறந்து வைத்தனர். நண்பர்களும் மாணவர்களும் தீட்டிக் கொடுத்தவை, அவரே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வாங்கியவை என நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அதில் இருந்தன. பலவற்றை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. எஞ்சியவற்றுள் எதை யார் வரைந்தார் என்று சொல்வாரில்லை.

“பழைய சாமான் வியாபாரி மொத்தமாகக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா, சுவாமி?” என்று வினவினார் மூத்த மகன். “எங்கள் துணிமணிக்குக்கூடக் கணக்குப் பார்த்த அப்பா, இதற்கு மட்டும் கணக்குப் பார்த்ததில்லை” என்றார் மகள். அச்சொல்லில் கசப்பு இருந்தது.

அன்று அவர்களுக்கு நாம் கூறிய வரலாற்றை வாசகர்களுக்கும் கூற விழைகிறோம்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் ஹெர்பர்ட் வோகல், டாரதி வோகல் என்னும் தம்பதியர் வாழ்ந்தனர். கணவர் அஞ்சல் துறையில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் ஊழியர், மனைவி நூலகர். 1962-இல் மணம் புரிந்த இவர்கள், மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடத்தினர். கணவரின் சம்பளத்தில் கலைப்பொருள் வாங்கினர். தங்கள் வருவாய்க்கு எட்டும் விலையாயிருக்க வேண்டும், தங்கள் சிறு வீட்டில் அடங்க வேண்டும் என்பனவே அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள். படுக்கையறை ஒன்றே கொண்ட அவ்வீட்டில் சுவரெல்லாம் படம். கட்டிலுக்கு அடியிலும் படம். விலை ஏறியபோதும் அவர்கள் ஒன்றையும் விற்கவில்லை. 1992-இல் தங்கள் சேகரிப்பை வாஷிங்டனிலுள்ள தேசியக் கலைக்கூடத்திற்கு ஒப்படைக்க இசைந்தனர். கட்டணமின்றி எவரும் நுழையக்கூடிய இடம் அது. பின்னர் 2008-இல், ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது வீதம் 2,500 படைப்புகளை வழங்கும் திட்டம் தொடங்கியது. 2012-இல் ஹெர்பர்ட் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் வியப்பது அவர்கள் சேர்த்த எண்ணிக்கையை அன்று. கணவனும் மனைவியும் ஒருமனப்பட்டுச் செய்தனர். அதனால் ஒருவர் ஆசை மற்றவருக்குச் சுமையாகவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதையும் மறத்தலாகாது. பிள்ளைகள் உள்ள வீட்டில், அவர்கள் அறியாமல் சேர்க்கப்படும் கலைச்செல்வம் அவர்கள் கண்ணுக்குப் பறிபோன செல்வமாகவே தோன்றும். ஆதலால், சேர்க்க விரும்புவோர் முதலில் குடும்பத்தாரோடு கலந்து பேசட்டும்.

அடுத்து, காக்கும் முறை. ஓவியத்திற்கு முதற்பகை வெளிச்சம். வெயிலில் வெளுத்த நிறம் ஒருபோதும் திரும்பாது. எனவே சன்னலுக்கு எதிரே படம் மாட்டலாகாது. அடுத்த பகை ஈரம். குளியலறையை ஒட்டிய சுவரையும் அடுக்களைச் சுவரையும் தவிர்க்க வேண்டும். சட்டத்தின் பின்புற மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்திற்கும் இடையே காற்று உலவும். தாளில் வரைந்த ஓவியம் கண்ணாடியில் படியலாகாது. ஒட்டு நாடாவும் செய்தித்தாளும் நாளடைவில் கறையை உண்டாக்கும். ஈரத்துணியால் துடைப்பதும், மங்கிய இடத்தில் புது வண்ணம் பூசுவதும் அன்பினால் செய்யும் அழிவு. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தல் நன்று.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒரு குறிப்பேடு. வரைந்தவர் யார், எந்த ஆண்டு, அளவு என்ன, எவ்வாறு கிடைத்தது என்பனவற்றை எழுதி, நிழற்படமும் ஒட்டி வையுங்கள். பெயரிழந்த ஓவியம் பாதி இறந்த ஓவியம்.

சட்டமும் அறிந்திருத்தல் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத ஓவியமும் சிற்பமும் தொல்பொருளாகும். தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்ப இயலாது; அரசு அறிவித்த வகைகளைப் பதிவு அலுவலரிடம் பதிவு செய்தல் வேண்டும். பழம்பொருள் வாங்குவோர், அது எங்கிருந்து வந்தது எனக் கேளாமல் வாங்குவது பாவத்திற்குத் துணை போவதாகும். கோவிலிலிருந்து திருடப்பட்ட உருவம் நம் கூடத்தை அலங்கரிக்கலாமா?

தாலந்து உவமையில் பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது தலைவனின் உடைமையே. நம் கையிலுள்ள அழகிய பொருளும் அத்தகையதே. நமக்கு முன்னிருந்தவர் தந்தனர். நமக்குப் பின்வருவோர் கேட்பர்.

அந்த வீட்டார் பெட்டியை விற்கவில்லை. தந்தையின் பழைய மாணவர்களை ஒரு ஞாயிறு மாலை வரவழைத்தனர். படங்களைக் கண்டு ஒவ்வொருவரும் பெயர் சொல்லச் சொல்ல, குறிப்பேட்டில் எழுதியவர் அந்த மகளே. பதினேழு படங்களுக்குப் பெயர் கிடைத்தது. அவற்றுள் ஒன்று, சிறுமியாய் இருந்தபோது அவரே வரைந்து மறந்துபோன மாமரம்.