பன்னிரண்டு பேர் நிற்கும் சுவர்

மராத்தி மேடையைக் கலக்கிய 'காஷிராம் கோத்வால்' இசை நாடகத்தை முதல் முறையாகப் பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மேடையில் வீடில்லை, தெருவில்லை, கோயிலுமில்லை. பிராமண வேடத்தில் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கிறார்கள். பாடுகிறார்கள், இசைக்கேற்ப அசைகிறார்கள். அவர்கள் முதுகைத் திருப்பினால் அது சுவர். விலகி வழிவிட்டால் வாசல். சுவருக்குப் பின்னால் ஏதோ தவறு நடக்கிறது என்று பார்வையாளருக்குத் தெரியும். ஆனால் முழுதாகத் தெரியாது. மறைப்பதுதான் அந்தச் சுவரின் வேலை.

1972 டிசம்பர் 16 அன்று புனேயின் பரத் நாட்ய மந்திரில் இப்படித்தான் அரங்கேறியது 'காஷிராம் கோத்வால்'. எழுதியவர் விஜய் தெண்டுல்கர். இயக்கியவர், பின்னாளில் மம்மூட்டியை அம்பேத்கராக நடிக்கவைத்துப் படமெடுத்த ஜப்பார் படேல். இசை பாஸ்கர் சந்தாவர்கர். நடன அமைப்பு கிருஷ்ணதேவ் முள்குந்த். அதற்குப் பிறகு இந்திய நாடகத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த நாடகத்தைத் தாண்டிப் போக முடிந்ததில்லை.

கதை நடப்பது 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பேஷ்வாக்களின் தலைநகரான புனேயில். பேஷ்வா சிறுவன். ஆட்சிக் கடிவாளம் அமைச்சர் நானா பட்னாவிஸ் கையில். பிழைப்பு தேடி கன்னோஜியிலிருந்து வருகிறான் ஏழை பிராமணன் காஷிராம். நாட்டியக்காரி குலாபியின் வீட்டில் எடுபிடி வேலை. ஊரார் தட்சிணை வாங்கும் இடத்தில் அவன் மீது பொய்யாகத் திருட்டுப் பட்டம் விழுகிறது. அடித்து, சிறையில் தள்ளி, ஊரை விட்டே துரத்துகிறார்கள். இந்த ஊரைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று சபதமிட்டுப் போகிறான்.

திரும்பி வரும்போது அவனிடம் ஒரே ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது: மகள் லலித கௌரி. பெண் பித்தரான நானாவுக்கு அவளைக் கொடுக்கிறான். பதிலுக்கு நகரக் காவல் தலைவர் பதவியை, அதாவது கோத்வால் வேலையைப் பெறுகிறான். அதன்பின் புனேயில் அனுமதிச் சீட்டு இல்லாமல் எதுவும் நடக்காது. இரவில் வெளியே வந்தால் சிறை. சந்தேகப்பட்டவன் கையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. பழி காஷிராமுக்கு, பலன் நானாவுக்கு. இந்தக் கணக்கை நானாவே பார்வையாளரிடம் கூசாமல் சொல்லிவிடுகிறார்.

மகள் இறந்துபோகிறாள். தந்தைக்கு வெறி தலைக்கேறுகிறது. அவனுடைய தோட்டத்தில் பழம் பறித்த தென்னாட்டு பிராமணர்கள் காற்றில்லாத அறையில் அடைக்கப்பட்டு மூச்சுமுட்டிச் சாகிறார்கள். ஊர் கொதித்தெழுகிறது. நானா சற்றும் தயங்கவில்லை. உருவாக்கிய கையே மரண உத்தரவில் கையெழுத்திடுகிறது.

இவ்வளவு கொடுமையான கதையை இனிமையான இசையில் சொல்வதுதான் நாடகத்தின் தந்திரம். தமிழர்களுக்கு இதன் உத்திகள் அன்னியமாகத் தோன்றாது. கதையை நடத்திச் செல்லும் சூத்திரதாரர், தெருக்கூத்தின் கட்டியக்காரனுக்கு உறவினர் மாதிரி. நடுவே வரும் கீர்த்தன், நம் கதாகாலட்சேபத்தை நினைவூட்டும். கொங்கண் பகுதியின் தசாவதார ஆட்டம், தமாஷா மேடையின் லாவணி, பக்தர்கள் பாடும் அபங்கம் எல்லாம் ஒரே மூச்சில் வந்து போகின்றன. கீர்த்தனுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு குலாபி வீட்டுக்குப் போகிறவர்களின் கதையில், பக்திப் பாட்டு கண்மூடித் திறப்பதற்குள் லாவணியாக மாறும். மெட்டே கேலி செய்கிறது. மராத்தி தெரியாதவர்களுக்கும் அந்தக் கேலி புரிந்துவிடும்.

இதில் எவ்வளவு நிஜம்? நானா பட்னாவிஸும் (1742-1800) காஷிராமும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். 1777 முதல் 1791 வரை காஷிராம் புனேயின் கோத்வாலாக இருந்தார். அடைக்கப்பட்ட தெலுங்கு நாட்டு பிராமணர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி இறந்ததும், கோபம்கொண்ட கூட்டம் காஷிராமைக் கல்லால் அடித்துக் கொன்றதும் 1791-இல் நடந்தவை. ஆனால் பேரரசு சிதறாமல் பல ஆண்டுகள் கட்டிக்காத்த ராஜதந்திரி என்றே மகாராஷ்டிரத்தில் பலர் நானாவை மதிக்கிறார்கள். அவரைக் காமுகராக ஆடவிட்டதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. தான் எழுதியது வரலாற்று நாடகமே அல்ல என்பது தெண்டுல்கரின் பதில். அதிகாரம் தனக்கு வேண்டிய அடியாளை எப்படி வளர்க்கிறது, வேலை முடிந்ததும் எப்படிக் கைகழுவுகிறது என்பதுதான் அவருடைய அக்கறை. எழுபதுகளின் பம்பாய் அரசியலை அறிந்தவர்களுக்கு அவர் யாரைக் குறிப்பிடுகிறார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்பு முதலில் வீட்டுக்குள்ளேயே கிளம்பியது. 19 காட்சிகள் முடிந்ததும், நாடகத்தைத் தயாரித்த புராகிரசிவ் டிராமாட்டிக் அசோசியேஷனே அதை நிறுத்திவிட்டது. கலைஞர்கள் வெளியேறி 1973-இல் 'தியேட்டர் அகாடமி' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கி, மறு ஆண்டு மீண்டும் மேடையேற்றினார்கள். 1980-இல் ஐரோப்பிய அழைப்பு வந்தபோது, மராட்டிய வீரரை அன்னியர் முன் இழிவுபடுத்துவதா என்று மறுபடி போர்க்கொடி. குழு புறப்பட்டதே பெரும்பாடாயிற்று. ஆனால் ஐரோப்பிய மேடைகளில் கிடைத்த வரவேற்பு அந்தப் பாட்டை மறக்கவைத்தது.

நானாவாக நடித்த மோகன் அகாஷே நிஜ வாழ்வில் மனநல மருத்துவர். 1976-இல் நாடகம் படமானபோதும் அவரே நானா. காஷிராமாக வந்தவர், அப்போது பெயர் தெரியாத இளைஞரான ஓம் பூரி. படத்தைக் கூட்டாக உருவாக்கிய இளம் இயக்குநர்களில் ஒருவர், பின்னர் தமிழில் 'ஏழாவது மனிதன்' எடுத்த கே. ஹரிஹரன்.

முதல் முறை பார்ப்பவர்களின் கண்கள் இயல்பாகவே நானாவின் ஆட்டத்தின் மீதும் காஷிராமின் வெறியின் மீதும் நிற்கும். இரண்டாவது முறை பார்ப்பவர்கள் சுவரைக் கவனிப்பார்கள். காஷிராமைத் திருடன் என்று அடித்ததும் அந்தப் பன்னிரண்டு பேர்தான். கௌரியை நானா நெருங்கும்போது மறைத்து நின்றதும் அவர்கள்தான். காஷிராமின் கொடுமையில் நடுங்கியதும், கடைசியில் அவன் ரத்தம் கேட்டு நானாவின் வாசலில் கூடியதும் அவர்கள்தான். அவன் செத்ததும் நானா கொண்டாட்டத்தை அறிவிக்கிறார். சுவர் மீண்டும் வரிசையில் நின்று பாடத் தொடங்குகிறது. ஒருவர்கூட நானாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பதில்லை.