வாழையிலையும் மாவிலையும்

விருந்துக்கு வாங்குவது வாழையிலை. தோரணத்துக்கு வாங்குவது மாவிலை. இரண்டும் இலைதானே? ஒன்றின் நடுவிலே 'ய'வும் மற்றொன்றின் நடுவிலே 'வ'வும் எங்கிருந்து வந்து உட்கார்ந்தன? என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா, சகோதரிகளே? நான் யோசித்ததில்லை. என் தங்கையின் பேத்தி கேட்கிற வரையில்!

பெண்ணுக்குப் பத்து வயது. ஸ்பெயின் தேசத்தில் மாட்ரிட் நகரத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளை, மயில் காட்டுவதாகச் சொல்லி விராலிமலைக்கு அழைத்துப் போனோம். முருகனுக்குச் சுருட்டு நிவேதனம் செய்வார்களே, அந்த ஊர்தான். அடிவாரத்தில் ஒரு கடைப் பலகையில் 'கோவில்' என்றிருந்தது. அடுத்த கடையில் 'கோயில்'. குழந்தையின் முகம் சுண்டிவிட்டது.

விஷயம் இதுதான். முன்பு பாட்டிக்கு எழுதிய கடிதத்தில் அவள் 'கோயில்' என்று எழுத, வீட்டுப் பெரியவர் ஒருவர் சிவப்பு மையால் சுழித்து 'கோவில்' என்று திருத்திவிட்டார். அதோடு கடிதம் நின்றுபோயிற்று. ஒன்றரை வருஷமாகத் தபால்காரரை எதிர்பார்த்து ஏமாறுவதே என் தங்கைக்கு வழக்கமாகிவிட்டது.

படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னேன். தமிழில் ஒரு சொல்லுக்குள் இரண்டு உயிர் எழுத்துக்கள் அடுத்தடுத்து நிற்கச் சம்மதிப்பதில்லை. சமாதானம் செய்துவைக்க நடுவில் ஒரு மெய் வருகிறது. அதற்கு உடம்படுமெய் என்று பெயர். தொல்காப்பியர் அது வரலாம் என்று அனுமதித்ததோடு நிறுத்திக்கொண்டார். எங்கே ய, எங்கே வ என்று வகுத்தவர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். முதல் சொல் இ, ஈ, ஐ என்று முடிந்தால் ய, ஏ என்று முடிந்தால் இரண்டில் எதுவும் வரலாம், மற்றவற்றுக்கு வ. வாழை என்பதில் ஐ, ஆகவே வாழையிலை. மா என்பதில் ஆ, ஆகவே மாவிலை. காலையில் கொதிக்கிற தேயிலைக்கு ய வந்தது. அதே ஏ, சேவடியில் வ வாங்கிக்கொண்டது. பால் பாக்கெட்டைப் பாருங்கள்: ஆ என்றால் பசு, பசுவினுடையது ஆவின்!

"இ, ஐ சொல்லும்போது நாக்கு மேலே போகிறது, அங்கிருந்து சறுக்கினால் ய. உ, ஓ என்றால் உதடு குவிகிறது, விரித்தால் வ," என்று விளக்கினேன். மாவிலைக்கு இந்த நியாயம் பொருந்தாது, போகட்டும்.

"ஸ்பானிஷில் வேற மாதிரி, பெரிய பாட்டி," என்றாள் அவள். அங்கே அ, எ, ஒ பலசாலிகள். இ, உ நோஞ்சான்கள். பலசாலிகள் இருவர் சேர்ந்தால் ஒட்டுவதில்லை, தனித்தனி அசை: கவிஞனுக்குப் 'பொ-எ-தா'. நோஞ்சான் வந்தால் பலசாலியோடு ஒண்டிக்கொண்டு ஒரே அசையாகிவிடும்: காற்றுக்கு 'ஐ-ரே', இரண்டே அசை. ஆனால் அந்த நோஞ்சான் மேல் அழுத்தம் விழுந்தால் தலையில் ஒரு சிறு கோடு போடுவார்கள், உடனே தனிக்குடித்தனம்! அதனால்தான் மாரியோ என்ற ஆண் பெயருக்கு இரண்டு அசை, 'ம-ரீ-அ' என்ற பெண் பெயருக்கு மூன்று. அத்தைக்கும் சித்திக்கும் 'தீ-அ' என்றாள். நானும் சொல்லிப் பார்த்தேன். 'தீயா' என்று வந்தது.

"அங்கேயும் ய போட்டுட்டீங்களே!" என்று கைகொட்டிச் சிரித்தாள்.

"அப்போ கோயில் தப்பா?"

கோ என்பதில் ஓ இருப்பதால் விதிப்படி கோவில்தான். ஆனால் சிலப்பதிகாரத்திலேயே கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகர் பாடிய பதிகம் ஒன்றுக்குக் 'கோயில் மூத்த திருப்பதிகம்' என்றே பெயர். சைவர்கள் வெறுமே கோயில் என்றால் சிதம்பரம். நன்னூலுக்கு முந்திய வழக்கைச் சிவப்பு மை என்ன செய்யும்? இரண்டும் சரிதான் என்றேன்.

போன வாரம் மாட்ரிடிலிருந்து கடிதம் வந்தது. "விராலிமலை கோயிலில் மயில் பார்த்தேன். மலை ஏறினேன்" என்று எழுதியிருக்கிறாள். மலையேறினேன் என்று சேர்த்து எழுதவில்லை. என் தங்கை அதை நாலு தடவை படித்துவிட்டு, பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள்.