குடிக்காதவருக்கும் ஈரல் கெடும்! உடம்பில் கொழுப்பு தேங்கினால் வரும் ஆபத்து

காரைக்கால்,

குடிகாரர்களுக்குத்தான் ஈரல் கெடும் என்று பூவம் டீக்கடை முதல் காரைக்கால் பஸ் நிலையம் வரை பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை. பாட்டிலையே தொடாதவருக்கும் ஈரலில் கொழுப்பு சேரும்.

இந்தியாவில் பெரியவர்களில் 100-க்கு சுமார் 38 பேருக்கு இந்த பாதிப்பு இருப்பதாக 2022-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது.

குதிர் நிரம்பினால்...

சாப்பிட்டதில் மிஞ்சியதை உடம்பு கொழுப்பாக்கி, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு செல்களில் சேர்த்து வைக்கும். நெல் கொட்டும் குதிர் மாதிரி. குதிர் நிரம்பிய பிறகும் கொட்டினால் நெல் வீடெல்லாம் சிதறும் அல்லவா? அதேபோல மிஞ்சிய கொழுப்பு ஈரல், தசை, கணையம், இருதயம் என்று கண்ட இடத்தில் போய் உட்கார்ந்து விடுகிறது.

தசையில் சேர்ந்தால் இன்சுலின் வேலை தடைபடும். ரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் சரியாக போகாது. ரத்தத்திலேயே நிற்கும். சர்க்கரை நோய்க்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஈரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது நோய். சிலருக்கு செல்கள் வீங்கி, தழும்பு விழும். அது முற்றினால் ஈரல் சுருங்கும். புற்றுநோய் கூட வரலாம்.

வலி இருக்காது

ஆரம்பத்தில் வலியோ, மஞ்சள் காமாலையோ இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் பலருக்கு தெரிய வருகிறது. ஒல்லியாக இருப்பவரும் தப்ப முடியாது. கை, கால் மெலிந்து தொப்பை மட்டும் இருந்தால் உஷார். இடுப்பு சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது.

என்ன செய்யலாம்?

அதிக எடை உள்ளவர்கள் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ஈரல் கொழுப்பு நன்றாக கரையும். 80 கிலோ இருப்பவர் 6 முதல் 8 கிலோ குறைத்தால் போதும். வாரத்தில் 5 நாள் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சர்க்கரை போட்ட டீ, கூல்டிரிங்ஸ், பரோட்டா, பஜ்ஜியை குறைக்க வேண்டும். மது கூடவே கூடாது.

மத்திய அரசு 2021-ல் இந்த நோயை சர்க்கரை, புற்றுநோய் தடுப்பு திட்டத்தில் சேர்த்தது. எனவே சர்க்கரை நோயாளிகளும், தொப்பை உள்ளவர்களும் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஈரல் பரிசோதனை பற்றி கேட்பது நல்லது. கொழுப்பாக இருக்கும்போதே பார்த்தால் ஈரல் பழைய நிலைக்கு திரும்பும். தழும்பு முற்றி சுருங்கிவிட்டால் கஷ்டம்தான்.