சீசா பிசாசுகளும் எங்க நாலு பக்க மடலும்

ரெண்டு வாரமா ஆய்வேட்டு ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை.

நான் குடியிருக்கிறது பலெர்மோவுல சீசா கோட்டைக்குப் பின்னாடி. நார்மன் ராஜா முதலாம் வில்லியம் 1165-ல் ஆரம்பிச்சு, மகன் காலத்துல முடிஞ்ச கட்டடம். 'அல் அசீஸ்'ங்கிற அரபுச் சொல்தான் சீசா ஆச்சு. வாசல் வளைவுல நிறைய உருவங்கள் வரைஞ்சிருக்கும். ஊர்க்காரங்க அதை 'சீசா பிசாசுகள்'னு சொல்லுவாங்க. யார் எண்ணினாலும் ஒவ்வொரு தடவையும் வேற வேற எண்ணிக்கை வருமாம். எங்க செய்திமடலுக்குக் 'கட்டுரை தர்றேன்'னு சொன்னவங்க கணக்கும் அப்படித்தான் :-)

இங்க இருக்கிற தமிழர்ல பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். அவங்க நடத்துற ஒரு சின்ன அமைப்புக்கு மாசம் நாலு பக்கம் அச்சடிச்சு மளிகைக்கடையில வைப்போம், வாட்ஸப்பிலயும் போகும். தட்டச்சு அடியேன்.

போன வருஷம் பிப்ரவரி இதழ் மார்ச் பாதியிலதான் வந்துச்சு. அதுல 'ஈசே' பத்தி ஒரு செய்தி. ஈசேன்னா குடும்ப வருமானச் சான்று. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31-ஓட காலாவதி. பிப்ரவரிக்குள்ள புதுப்பிக்கலைன்னா, பிள்ளைகளுக்கு வர்ற மாத உதவித்தொகை மார்ச்சிலேர்ந்து குறைந்தபட்சத்துக்கு இறங்கிடும். 2022 மார்ச்சில் இந்தத் திட்டம் தொடங்கினப்போ ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் 175 யூரோ, குறைந்தபட்சம் 50 யூரோ. வித்தியாசம் புரியுதில்ல?

கடையில ஒரு அன்ரி அந்தத் தாளை மடிச்சுக் கையில வச்சிருந்தாங்க. "தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்கள். போன மாசம் வந்திருந்தா எனக்கு உதவியா இருந்திருக்கும்." அவ்வளவுதான். ரெண்டு பிள்ளைங்க அவங்களுக்கு. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு தோணுச்சு. ஜூன் 30-க்குள்ள கொடுத்தா பாக்கியும் சேர்ந்து வந்துடும்னு தெரிஞ்சு, மே மாசம் புதுப்பிச்சுக் கொடுத்தோம். ஆனா நடுவுல மூணு மாச வாடகை அவங்க கையிலேர்ந்துதானே போச்சு?

அன்னிக்கு ராத்திரி ஒரு பெரிய தாள்ல பன்னிரண்டு கட்டம் போட்டேன். நம்ம ஊர்ல தீபாவளி மலருக்கு மாசக்கணக்கா முன்னாடியே கதை கேட்டு வாங்குவாங்களே, அதே வேலைதான். மொதல்ல தேதி மாறாததெல்லாம் எழுதினேன்: சனவரியில பொங்கல், ஏப்ரல் 14 புத்தாண்டு, ஜூலை 14 ராத்திரி சாந்தா ரொசாலியா திருவிழா, செப்டம்பர் 4 பெல்லெக்ரினோ மலை ஏற்றம் (நம்ம சைவக்காரங்களும் ஏறுவாங்க), நவம்பர் 27 மாவீரர் நாள், டிசம்பர் 13 லூசியா நாள். அன்னிக்கு பலெர்மோக்காரங்க ரொட்டியைத் தொடமாட்டாங்க, அரஞ்சினாதான்.

அடுத்து வேற நிற மையில கெடு தேதிகள். இங்கதான் நான் பண்ணின தப்பு புரிஞ்சுது. திருவிழாச் செய்தி அந்த மாசமே வரலாம். கெடு தேதிச் செய்தி அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வரணும். படிச்சவங்க காகிதம் சேர்க்கணும், காஃப் அலுவலகத்துல நேரம் வாங்கணும், வேலையில லீவு கேக்கணும். அதனால பிப்ரவரி கடைசிக் கெடு சனவரி இதழுக்குப் போச்சு. அந்த இதழ் சனவரி 5-க்குள்ள அச்சுக்குப் போகணும்னா கட்டுரை டிசம்பர் 20-ல கையில இருக்கணும். இப்படியே பின்னாலேர்ந்து எண்ணிட்டு வந்தேன்.

விசா அனுமதிப் புதுப்பிப்பு மட்டும் எந்தக் கட்டத்திலயும் அடங்கலை. முடியறதுக்கு 60 நாள் முன்னாடியே விண்ணப்பிக்கணும், ஆனா ஆளாளுக்குத் தேதி வேற. அதனால அது எல்லா இதழ்லயும் கடைசிப் பக்க மூலையில ஒரு நிரந்தரப் பெட்டி. ஆகஸ்ட்ல பாதி ஊர் யாழ்ப்பாணத்துல, மீதி கடற்கரையில. ஜூலையும் ஆகஸ்டும் ஒரே இதழ். யாராவது கைவிட்டா போடறதுக்குன்னு எந்த மாசத்துக்கும் பொருந்துற ரெண்டு கட்டுரை எப்பவும் கையிருப்பு. ஒண்ணு இங்க கிடைக்கிற மீன்ல வைக்கிற குழம்பு. ஒவ்வொரு கட்டத்திலயும் ஒரே ஒரு ஆள் பேர். 'எல்லாரும் சேர்ந்து'ன்னு எழுதினா யாரும் எழுதமாட்டாங்கங்கிறது அனுபவ பாடம்.

இந்த வருஷம் சனவரி இதழ் நேரத்துக்கு வந்துச்சு. முதல் பக்கம் ஈசே, பொங்கல் ரெண்டாம் பக்கம். "பொங்கலைப் பின்னால தள்ளிப்போட்டு இதென்ன பேப்பர்?"னு ஒரு பெரியவருக்குக் கோபம். நியாயம்தான், நானும் தலையைச் சொறிஞ்சேன். பக்கத்துல நின்ன அன்ரி, "ஐயா, பொங்கல் எப்பெண்டு எங்களுக்குத் தெரியும்தானே"ன்னாங்க. பெரியவர் ஒண்ணும் சொல்லாம ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போனார்.

டிஸ்கி: அரஞ்சினா கட்டுரைக்கு நேரே ஒரு பேர் இருக்கு, கெடு தாண்டியும் வரலை. அந்தப் பேர் என்னுதுதான். ஹி ஹி.