ஸ்கிரிப்ட் முடிஞ்சதும் எல்இடி ஏன் அணைகிறது?

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூலிக் கணக்கு கம்ப்யூட்டரில். மூலையில் இருக்கும் ராஸ்பெர்ரி பை தினமும் இரவு 2 மணிக்கு அந்தக் கணக்கைப் பென்டிரைவில் நகலெடுக்க வேண்டும். நகலெடுத்தாச்சுன்னா பச்சை எல்இடி எரியணும். காலையில் கதவைத் திறப்பவர் விளக்கைப் பார்த்தால் போதும்.

பைத்தானில் ஜிபிஐஓ-ஜீரோ வைத்து எழுதி, கிரானில் போட்டால், விளக்கு ஒரு கணம் மின்னிவிட்டு அணைந்துவிடும். கிரான் மேல் தப்பில்லை. சில பேர் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள் இல்லையா, ஜிபிஐஓ-ஜீரோ அந்த ரகம். ஸ்கிரிப்ட் முடியும்போது தான் எடுத்த பின்களை இன்புட்டாக மாற்றிவிடும். காரணம் உண்டு: அவுட்புட்டாகவே விட்ட பின்னில் தவறுதலாக வேறு வயர் பட்டால் சிப் கெட்டுப்போகலாம்.

ஸ்கிரிப்டை முடியவிடாமல் காத்திருக்க வைக்கலாம்தான். ஆனால் கிரான் தினமும் புதுசாக ஒன்றைக் கிளப்பும், பழையதும் சாகாது. ஒரே பின்னுக்குச் சண்டை வரும்.

பழைய ஆர்பிஐ-ஜிபிஐஓ நூலகத்தில் ‘கிளீனப்’ கூப்பிடாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அடுத்த முறை ‘இந்த பின் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று எச்சரிக்கும், அவ்வளவுதான். ஆனால் பை 5-இல் அந்த நூலகம் வேலை செய்யாது.

ஒழுங்கான வழி, விளக்கை லினக்ஸ் கெர்னலிடமே ஒப்படைப்பது. கான்ஃபிக் கோப்பில் ‘ஜிபிஐஓ-லெட்’ ஓவர்லேயைச் சேர்த்து, பின் எண்ணையும் ஒரு பெயரையும் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். ‘சிஸ்’ அடைவுக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘லெட்ஸ்’. அங்கே அந்தப் பெயரில் ஒரு அடைவு வந்திருக்கும். அதிலுள்ள ‘பிரைட்னஸ்’ கோப்பில் 1 எழுதினால் எரியும், 0 எழுதினால் அணையும். எழுதிய ஸ்கிரிப்ட் போனாலும் விளக்கு நிற்கும், ஏன்னா பின் இப்போது கெர்னல் கையில். எழுத ரூட் அனுமதி வேண்டும். அதனால் ரூட்டின் கிரான்டாபில் போடுங்கள்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். அணையாத விளக்கு பொய் சொல்லும். திங்கட்கிழமை நகல் ஆனது, விளக்கு எரிந்தது. செவ்வாய் பென்டிரைவ் கழன்றுவிட்டது. புதன் காலையிலும் பச்சைதான்! வருகிற சனிக்கிழமை கூலி போடும்போது கணக்கு அழிந்திருந்தால், அந்தப் பச்சையை நம்பியவர் என்ன செய்வார்?

அதனால் ஸ்கிரிப்டின் முதல் வேலை 0 எழுதுவது. நகலெடுத்து, அதை மூலத்தோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் மட்டும் கடைசி வரியில் 1. நடுவில் எது கெட்டாலும் விளக்கு இருட்டு. கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான், அடுத்த நகல் வரை எரியாது. எரியாத விளக்கு ‘போய்ப் பாரு’ என்கிறது, அது நல்லதுதான்.

கிரானே ஓடாமல் போனால்? அதற்கு சிஸ்டம்-டி மூலம் எப்போதும் ஓடும் ஒரு சின்ன புரோகிராம் வைத்து, நகலுக்கு 26 மணி நேரத்துக்குள்தான் வயதென்றால் மட்டும் 1, 0 என மாறி மாறி எழுதி மினுக்கச் செய்யலாம். அந்த புரோகிராம் செத்தால் மினுக்கலும் நின்றுவிடும். பார்ப்பவருக்கு ஒரே விதி: மினுக்கினால் நம்பு; சும்மா எரிந்தாலும் அணைந்தாலும் நம்பாதே.