மழையில் பனிச்சறுக்கு: உடன் வரும் நண்பரைக் கவனியுங்கள்

குல்மார்க் போன்ற இடங்களுக்கு நண்பர்களுடன் பனிச்சறுக்கச் செல்வோர், பனிப்பொழிவைவிட மழைக்கே அஞ்ச வேண்டும் என்போம். உலர்பனி ஆடையிலிருந்து உதிர்ந்துவிடும். மழையோ உள்ளாடை வரை ஊறும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல்வெப்பத்தைக் கவர்வது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழிறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் அதனை உணரார். "ஒன்றுமில்லை, இன்னுமொரு முறை சறுக்கலாம்" என்பார். நண்பர்தாம் கண்டறிய வேண்டும்: குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, பொத்தானிட இயலாத விரல்கள். வெப்பமூட்டாமலே நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என எண்ணிவிடாதீர்கள். நிலை முற்றுகிறது என்பதே பொருள். உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். ஈர ஆடையைக் களைந்து, தலை உட்பட உடல் முழுவதையும் உலர்ந்த கம்பளியால் போர்த்துங்கள். நினைவு தெளிவாயிருப்பின் சர்க்கரையிட்ட சூடான தேநீர் தரலாம். மது கூடாது; கைகால்களைத் தேய்த்துவிடுதலும் கூடாது.