இடாப்பிலிருந்து அழியும் பெயர்கள்

பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளையின் பெயர் ஒரே நாளில் வெட்டப்படுவதில்லை. முதலில் திங்கட்கிழமை வரமாட்டான். பிறகு வியாழனும் வெள்ளியும் வரமாட்டான். வகுப்பாசிரியர் இடாப்பில் குறித்துக்கொண்டே போவார். தவணைப் பரீட்சைக்கு வந்து இரண்டு பாடம் எழுதுவான், கணிதத்தன்று காணமாட்டான். அடுத்த தவணையில் அவன் இருந்த கதிரையில் இன்னொருவன் இருப்பான். அவனை யாரும் துரத்தவில்லை. ஆனாலும் அவன் வெளியே நிற்கிறான்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேச வருவோர் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் இச்சமுதாயமே ஒருமுறை ஊர் இடாப்பிலிருந்து அழிக்கப்பட்டது. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். அம்மாத இறுதியில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்டோர் தொகை 70,000க்கும் மேல். சோனகத்தெருவின் வீடுகளும் கடைகளும் பாடசாலைகளும் வெறுமையாயின. உடுத்த உடையோடு நடந்தவர்கள் கையில் பிள்ளையின் விடுகைப் பத்திரம் எங்கே இருக்கும்?

பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஒதுங்கினர். அங்கே பல பாடசாலைகளில் காலையில் உள்ளூர்ப் பிள்ளைகளும் மாலையில் அகதிப் பிள்ளைகளுமாக வகுப்புகள் நடந்தன. இருந்ததைப் பகிர்ந்த புத்தளத்து மக்களின் உபகாரம் மறக்கத் தக்கதன்று. ஆயினும் மாலை வகுப்பில் களைத்துப்போய் உட்கார்ந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் நடுவில் நின்றுவிட்டனர். அன்று நின்றவர்கள் இன்று வாப்பாவாகவும் உம்மாவாகவும் இருக்கிறார்கள். தம் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியைத் திருத்திப் பார்க்க அவர்களில் பலரால் முடியாது. அதற்காக அவர்களைக் குறைகூறுவது நீதியாகாது.

2002 பெப்ரவரியில் போர் நிறுத்த உடன்படிக்கை வந்ததும் சிலர் ஊர் திரும்பினர். 2006 ஓகஸ்ட் மாதம் ஏ-9 வீதி மூடப்பட்டபோது மீண்டும் தத்தளிப்பு. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்பு திரும்பியோர் தொகை கூடியது. ஒஸ்மானியாக் கல்லூரியும் கதீஜா பெண்கள் பாடசாலையும் படிப்படியாக மீண்டும் இயங்கலாயின. கட்டடம் எழுந்தால் பிள்ளைகள் தாமாக வந்துவிடுவார்கள் என்று பலரும் நம்பினர்.

அங்கேதான் சிக்கல். 1990இல் ஒரு வீட்டிலிருந்து போனது ஒரு குடும்பம். இருபது வருடம் கழித்துத் திரும்பும்போது அது நான்கு குடும்பம். இருப்பதோ அதே துண்டுக் காணி, இடிந்த சுவர். ஆகவே வாப்பா யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பு வியாபாரமோ துணி வியாபாரமோ செய்ய, உம்மா புத்தளத்தில் பிள்ளைகளோடு இருப்பார். வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தால் எல்லோரும் இங்கே வருவார்கள். மழைக்காலத்தில் பொம்மைவெளிப் பக்கம் வெள்ளம் நின்றால் திரும்பிப் போவார்கள். ஒவ்வொரு பயணத்திலும் பிள்ளைக்கு ஒரு தவணை போகிறது. புத்தளத்துப் பாடசாலை, 'பிள்ளை யாழ்ப்பாணம் போய்விட்டது' என்று எண்ணும். யாழ்ப்பாணத்துப் பாடசாலை, 'புத்தளம் போய்விட்டது' என்று எண்ணும். பிள்ளை இரண்டு இடாப்பிலும் இருக்காது.

இன்னொரு சங்கதி வெளியாருக்குத் தெரிவதில்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழானில் நீண்ட விடுமுறை உண்டு. தமிழ்ப் பாடசாலைகளின் தவணைக் கணக்கு வேறு. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பாடசாலை, தங்கை ஒரு பாடசாலை என்றால் ஒருவருக்கு விடுமுறையாயிருக்கும் நாளில் மற்றவரும் நின்றுவிடுவார். தமிழ்ப் பாடசாலையில் சேர்ந்த முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம் பாட ஆசிரியர் கிடைப்பதும் அரிது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு விடுவார்களா, மகள் பர்தாவோடு போகலாமா, புத்தளத்துப் பேச்சைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களா என்றெல்லாம் உம்மாமாருக்குக் கவலை. இவற்றில் ஒன்றும் மலையன்று. அதிபரும் பெற்றோரும் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடியவை. அந்தக் கால் மணி நேரம்தான் அமைவதில்லை.

இவ்வாறு பேசித் தீர்த்துக் கொண்ட காலமும் இம்மண்ணில் இருந்தது. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் குர்ஆன் மத்ரஸாவில் ஓதியவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. பின்னர் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக 1948 முதல் 1961 வரை பணியாற்றினார். அக்காலத்து யாழ்ப்பாணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இனித்தது என்றும் சொல்ல முடியாது. சாதியின் பெயரால் சில பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்த பாடசாலைகள் குடாநாட்டில் இருந்தன. 1924இல் உருவான யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸார், ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர், அதை எதிர்த்து நின்றனர். சம ஆசனம் கேட்டவர்கள் எதிர்ப்பைச் சந்தித்தனர், பின்வாங்கவில்லை. பிள்ளையை வெளியே வைக்கும் பழக்கத்தை மாற்றியவர்களில் ஆசிரியர்கள் முன்னணியில் நின்றனர் என்பது நாம் பெருமைப்படத் தக்கது.

சட்டம் இப்போது பிள்ளையின் பக்கம் இருக்கிறது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. இலவசப் பாடநூல் 1980இல், சீருடைத் துணி 1993இல். 1998 ஜனவரி முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை பாடசாலை செல்வது கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அவ்வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. இந்த விதிகளின்படி கிராம அலுவலர் பிரிவுதோறும் பாடசாலை வரவுக் குழு அமைத்து, வராத பிள்ளைகளைத் தேடிக் கண்டறிய வேண்டும். உங்கள் பிரிவில் அக்குழு கடைசியாக எப்போது கூடியது என்று கிராம அலுவலரைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பிறப்புச் சான்றிதழ் தொலைந்து பிரதியும் கிடைக்காத பிள்ளைக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறலாம். கடதாசி இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

சட்டத்துக்கு அகப்படாத ஒரு வழியும் இருக்கிறது. குழப்படிக்காரப் பையன் ஒருவன். வகுப்பைக் குலைக்கிறான், ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறான். வாப்பாவை அழைத்து, 'நீங்களாகவே விடுகைப் பத்திரத்தை வாங்கிக் கொள்ளுங்கள், அவனுக்கும் நல்லது' என்கிறார்கள். எழுத்தில் அது நீக்கம் ஆகாது. பெற்றோர் விருப்பம் என்றே பதிவாகும். ஆசிரியரின் கஷ்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனோடு மல்லுக்கட்டுவது இலேசன்று. 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பிரம்பைத் தடை செய்தது. சரியான தடைதான்; ஆனால் பிரம்புக்குப் பதிலாக ஆசிரியர் கையில் எதையும் பெரிதாகக் கொடுக்கவில்லை. பதினான்கு வயதில் வாசலுக்கு வெளியே விடப்பட்டவனை வரவேற்கச் சந்தியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். போதைப்பொருள் குடாநாட்டு வீடுகளைக் கலங்கடிக்கும் இந்நாளில் அதை விளக்க வேண்டியதில்லை.

இது நமக்கு மட்டும் வந்த நோயும் அன்று. 1969ஆம் ஆண்டளவில் லண்டன் மாநகரில் மார்ஜரி பொக்ஸோல் என்ற கல்வி உளவியலாளர், வகுப்பில் அடங்காத சின்னப் பிள்ளைகளுக்குச் சிறு வகுப்புகளைத் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், எல்லோரும் ஒரே மேசையில் உண்பது, பிறகு பாடம். பிள்ளை தேறியதும் பழைய வகுப்புக்கே திரும்பும். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பாடசாலைகள் இம்முறையைப் பரவலாகக் கைக்கொண்டன. 2006க்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே மாணவரை வெளியேற்றுவது பெருமளவு குறைந்தது. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை எனலாம். ஒரு பானைக் கஞ்சிக்கும், பொறுமையுள்ள இரண்டு பெரியவர்களுக்கும் நம் மஹல்லாவில் பஞ்சம் வந்துவிடவில்லையே!

இங்கே செய்யக்கூடியது என்ன? எந்த வீட்டுக்குப் புத்தளத்திலிருந்து யார் வந்தார், யார் போனார் என்பது பள்ளிவாசலுக்குத் தெரியும், பாடசாலைக்குத் தெரியாது. எந்தப் பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்பது பாடசாலைக்குத் தெரியும், பள்ளிவாசலுக்குத் தெரியாது. இரண்டையும் வாரம் ஒருமுறை ஒரு தாளில் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. மூன்றாம் நாள் பின்னேரமே ஒருவர் அவ்வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று மாதம் கழித்து அதிகாரி போவதால் பயன் மிகக் குறைவு. போவது ஒரு பெண்ணாக, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உள்ள ஓர் உம்மாவாக இருந்தால் நல்லது. வாப்பா வெளியூரில் இருக்கும் வீட்டில் ஆண்கள் போய் வாசலில் நின்று என்ன விசாரிக்க முடியும்? சப்பாத்து இல்லை, தம்பியைப் பார்க்க ஆளில்லை, கணித ஆசிரியருக்குப் பயம் என்ற உண்மைக் காரணம் அடுப்படியில்தான் வெளிவரும்.

ஸகாத் நிதியில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் பஸ் கட்டணத்துக்கும் மாலை வகுப்புக்கும் ஒதுக்கும் வழியை ஊர் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். அயலிலுள்ள தமிழ்ப் பாடசாலை அதிபரையும் அக்கூட்டத்துக்கு அழையுங்கள். நம் பிள்ளைகள் அங்கேயும் படிக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளிலும் இடைவிலகியோர் உண்டு. அவர்களுக்கும் அதே மாலை வகுப்பில் இடம் இருக்கட்டும்.

நீண்ட காலம் விலகியிருந்த பிள்ளையைப் பழைய வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு இருத்தினால் வெட்கத்தில் மறுபடியும் ஓடிவிடும். இதற்காகத்தான் வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விப் பிரிவு இருக்கிறது. அங்கே போய்ப் பேசலாம். பதினாறைத் தாண்டிப் பழைய இரும்புக் கடையில் நிற்கும் பையனுக்குத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பாடநெறிகள் உள்ளன. அவற்றில் சிலவற்றுக்குச் சாதாரண தரச் சித்தி கட்டாயமில்லை. விவரத்தைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தத் தொழிலில் விருப்பம் என்று அவனையே கேட்கட்டும்.